வைண்டிங் செக்‌ஷனுக்கு வந்த இத்தாலிக்காரர்

உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. பத்தாம் வகுப்பு கைடு, பாலிடெக்னிக் பாடநூல், அட்டை போன நாவல் என்று தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கி வைத்திருப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குனியமுத்தூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு தார்ப்பாய்க்கு அடியில் போய் ஒதுங்கினேன். எதுவும் வாங்காமல் நிற்கக் கூச்சமாக இருந்தது. கைக்கு எட்டிய தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன்.

பிரித்த பக்கத்தில் ஒரு படம். ஒரு துவாரத்திலிருந்து தண்ணீர் ஒரு தொட்டிக்குள் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் விழுந்த தண்ணீர் உள்ளே போய் என்னவாகிறது என்பதை வரைந்தவர் இழை இழையாகக் காட்டியிருந்தார். சில இழைகள் சடை பின்னியது போல முறுக்கிக்கொண்டு கீழே போயின, சில சுருண்டு மேலே வந்தன, ஓரத்தில் குமிழிகள் பூப் பூவாக விரிந்தன. தினமும் குழாயடியில் பார்க்கிற தண்ணீர்தான். நான் இத்தனை நாள் அதைப் பார்த்ததே இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது.

நான் அப்போது கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டிரேசராக இருந்தேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து, மையால் அப்படியே பிரதி எடுப்பது என் வேலை. நாளெல்லாம் கோடு போடுகிறவளுக்கு நல்ல கோடு எது என்று தெரியும். அந்தப் படத்தில் எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. நிழலுக்காகப் போட்ட சாய்கோடுகள் எல்லாம் இடது மேல்மூலையிலிருந்து வலது கீழ்ப்பக்கமாக இறங்கின. வலக்கையால் போடுகிறவர்களுக்கு அவை எதிர்ப்பக்கமாகச் சாயும். என் நோட்டில் மட்டும்தான் இப்படி விழும். ஐ.டி.ஐ.யில் படித்தபோது அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன்.

“இந்தாளு பீச்சாங்கைக்காரரு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் திரும்பினார். “என்னங்க?”

“ஒண்ணுமில்லீங்க. இது யாரைப் பத்தின புக்குங்க?”

“அதுங்களா? சிரிக்கிற பொம்பளை படம் வரைஞ்ச இத்தாலிக்காரர் இருக்காருல்லீங்க, அவரோட வாழ்க்கை வரலாறு. பூரா இங்கிலீஷு. ஒரு வருசமாக் கெடக்குது, யாரும் தொடலீங்க.”

அந்தச் சிரிக்கிற பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனை பியூட்டி பார்லர் பலகையில் இருந்தாள். அவளை வரைந்தவர் தண்ணீரையும் வரைந்தார் என்பது தெரியாது. மழை விட்டபோது புத்தகம் என் பையில் இருந்தது.

வீட்டில் என் கணவர் அதைப் புரட்டிப் பார்த்தார். லேத் பட்டறையில் டர்னர் வேலை அவருக்கு. கையில் எடுக்கிற எதையும் எடை பார்ப்பது பழக்கம்.

“ஒரு கிலோ வரும். இதை எப்பப் படிச்சு முடிப்பே?”

“பஸ்ல.”

அவர் சிரிக்கவில்லை. பழைய காலண்டர் தாளை எடுத்து மடித்து, நல்ல அட்டை ஒன்று போட்டுக் கொடுத்தார்.

நான் தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், வரைபடத்தின் மூலையில் எழுதுகிற முப்பது நாற்பது சொற்கள். முதல் பக்கத்தைப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. மடியில் புத்தகம், அதன்மேல் சின்ன அகராதி, தெரியாத சொல்லை எழுத நாற்பது பக்க நோட்டு. உக்கடத்தில் இறங்கி வேறு பஸ் மாறுவதற்குள் ஒரு பத்தி. காந்திபுரத்தில் கூட்டம் ஏறினால் அத்தோடு சரி. இரண்டு மாதத்தில் நோட்டு நிரம்பியது. நிரம்பிய பிறகுதான், அந்த மனிதரும் இதையே செய்தார் என்று படித்தேன். பெரிய பள்ளிக்கூடம் போகாததால் படித்தவர்களின் மொழியான லத்தீன் அவருக்கு வரவில்லை. நாற்பதை நெருங்கும்போது அதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்து, பக்கம் பக்கமாகச் சொற்களை எழுதி வைத்தாராம். எனக்கு அப்போது முப்பத்தொன்று. அவரைவிட முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன் என்ற நினைப்பு அன்று முழுக்க என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

இடக்கை விஷயம் நாலாவது மாதம் வந்தது. அவர் இடக்கையால் எழுதினார், வலமிருந்து இடமாக, கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் படிக்க முடியும் என்று ஒரு முழுப் பக்கம். காந்திபுரத்தில் இறங்க வேண்டியவர்கள் என்னைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு, “சொன்னேனில்ல!” என்றேன். பக்கத்து சீட் அம்மா பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வைண்டிங் செக்‌ஷனுக்குப் போய்விடுவேன். டிராயிங் ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். வைண்டிங்கில் பன்னிரண்டு பெண்கள். மோட்டாருக்குள் வைக்கும் தாமிரக் கம்பியைச் சுற்றுகிறவர்கள். காலையிலிருந்து கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் சும்மா இருக்கும். அதனால் சாப்பிடும்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை. அங்கே மூத்தவர் ஒருவர், எல்லோருக்கும் அக்கா. ஒருநாள் அவர்தான் கேட்டார்.

“ஏங் கண்ணு, அப்படி அந்தப் புக்குல என்னதான் இருக்குது? எங்களுக்கும் சொன்னா என்னவாம்?”

சொன்னேன். அவருடைய அப்பா பத்திரம் எழுதுகிற வசதியான குடும்பம். அம்மா ஏழைப் பெண். கல்யாணம் நடக்கவில்லை. முறைப்படி பிறக்காத பிள்ளை என்பதால் அப்பாவின் தொழிலுக்கு அவர் போக முடியாது. அதனால் படம் வரைகிற பட்டறையில் சேர்த்துவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?” என்றார் அக்கா.

“எந்தப் பொண்ணுக்கா?”

“அவரைப் பெத்தவ.”

“வேற ஒருத்தருக்குக் கட்டிக் குடுத்துட்டாங்களாம்.”

“அப்பறம்?”

அப்பறம் எனக்குத் தெரியாது. புத்தகம் அவளை அதோடு விட்டுவிட்டு மகனின் பின்னால் போய்விட்டது. பன்னிரண்டு பேரும் விடவில்லை. “அதெப்படி, பெத்தவளைப் பத்தி ஒரு வார்த்தை இல்லாம இருக்கும்? நல்லாப் பாரு கண்ணு.” வேறு வழியில்லாமல் புத்தகத்தின் கடைசியில் இருந்த பெயர்ப் பட்டியலைப் பிடித்து, பக்கம் பக்கமாகத் தேடினேன். நடுவில் கிடைத்தாள். அவர் மிலன் நகரத்தில் பேரோடு இருந்த காலத்தில் அம்மாவின் பெயரே உள்ள வயதான பெண் ஒருத்தி வந்து அவரோடு தங்கினாள். தாயாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தது.

“என்ன உறுதி வேணும்?” என்றார் அக்கா. “வயசான காலத்துல வேற யாரு தேடிக்கிட்டு வருவா? அம்மாதான். எழுதிக்கோ.” பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். இன்றும் இருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் இத்தாலிக்காரர் வந்துவிடுவார். சந்தையில் கூண்டுப் பறவைகளை வாங்கிப் பறக்கவிட்டதும் வந்தது, பிணத்தை அறுத்து நரம்பை வரைந்ததும் வந்தது. “சோறு திங்கற நேரத்துல இதை எதுக்குச் சொல்றே” என்று ஒருத்தி எழுந்து போனாள், போனவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். வெண்கலக் குதிரை வந்த அன்று விஷயம் இரும்பு வார்க்கும் பவுண்டரி வரைக்கும் போய்விட்டது. ஒரு மாளிகை உயரத்துக்குக் குதிரை வார்க்க அவர் களிமண்ணில் மாதிரி செய்து வைத்திருந்தார். சண்டை வந்ததும் வெண்கலம் பீரங்கிக்குப் போய்விட்டது. எதிரிப் படை வந்து அந்தக் களிமண் குதிரை மேல் அம்பு விட்டுப் பழகியது. இதைக் கேள்விப்பட்ட, மணலில் அச்சுப் பிடிக்கும் மோல்டர் ஒருவர் கையெல்லாம் கருமணலோடு சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார்.

“ஏனுங்க, அத்தனாம் பெரிய குதிரையை ஒரே ஊத்துல ஊத்தறதாவா இருந்தாரு?”

“ஆமாங்க. அப்படித்தான் போட்டிருக்குது.”

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “ஊத்தியிருப்பாருங்க” என்றார். “வெண்கலத்தை மட்டும் குடுத்திருந்தா ஊத்தியிருப்பாரு.” அந்த ஆள் யாரையும் லேசில் பாராட்டாதவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியில் பெரிய பம்ப் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். அதுவரை போட்டதைவிட இரண்டு மடங்கு தண்ணீர் தள்ள வேண்டும். அதன் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம், அதன் வரைபடத்தை நான்தான் டிரேஸ் செய்தேன். வார்ப்பு முடிந்து பம்ப் டெஸ்ட்டுக்கு வந்தது. டெஸ்ட் என்றால், தரையில் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கும், பம்ப் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, குழாய் வழியாகத் திரும்ப அதே தொட்டியில் கொட்டும். எவ்வளவு கொட்டுகிறது, என்ன அழுத்தம் என்று அளப்பார்கள். புதுப் பம்ப் ஓடத் தொடங்கியதும் உள்ளே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம். அழுத்தம் காட்டும் கேஜ் முள் நடுங்கியது. தண்ணீர் சொன்ன அளவுக்கு வரவில்லை. இன்னொரு இம்பெல்லர் வார்த்தார்கள், மூன்றாவதும் வார்த்தார்கள். அதே சத்தம்.

எங்கள் செக்‌ஷன் ஹெட் என்னைக் கூப்பிட்டார். “டிரேசிங்ல வளைவு மாறியிருக்குது.”

பென்சில் வரைபடத்தின் மேல் என் தாளை வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். முடி அளவு வித்தியாசம் இல்லை. அவர் சரியாகப் பார்க்கவில்லை. “இடது கையில போட்டா வளைவு மாறத்தானே செய்யும்? நாளைக்கு மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார். ஆனால் அந்தச் சொல் எனக்கு ஆறவில்லை. வேலை போய்விடும் என்பதைவிட, நான் போட்ட கோடு தப்பு என்று ஆகிவிடும் என்பதுதான் என்னை உறுத்தியது.

மறுநாள் காலை பஸ்ஸில், படிக்க மனமே இல்லாமல் புத்தகத்தைப் பிரித்தேன். வந்திருந்தது தண்ணீர் அத்தியாயம். ஓடும் தண்ணீரின் போக்கைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், பக்கம் கண்ணாடியான தொட்டி வைத்து, தண்ணீரில் சின்னச் சின்ன விதைகளைத் தூவி, அவை போகிற வழியைப் பார் என்று அவர் குறித்து வைத்திருந்தார். அந்தப் பத்தியை அகராதி இல்லாமல் படித்தேன். படித்து முடித்ததும் ஒன்று உறைத்தது. மூன்று வாரமாக நாங்கள் எல்லோரும் இம்பெல்லரையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை.

கம்பெனியில் மர அச்சு செய்யும் பகுதியிலிருந்து ஒரு வாளி மரத்தூள் வாங்கி, மிதக்காமல் இருக்கட்டும் என்று மத்தியானம் வரை தண்ணீரில் ஊற வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வைண்டிங் பெண்கள் பன்னிரண்டு பேரும் என்னோடு டெஸ்ட் தொட்டிக்கு வந்தார்கள். டெஸ்ட் ஆபரேட்டர் தயங்கினார். “பம்ப்புக்குள்ள தூள் போயிருமுங்களே?”

அக்கா இடுப்பில் கை வைத்தார். “ஏனுங்க, காட்டுக் கெணத்துல சேறும் சகதியுமா இழுக்கப்போற பம்ப்பு. ஒரு புடித் தூளுக்குச் செத்துப்போயிருமா? போடுங்க சுவிட்சை.”

போட்டார். விழுகிற தண்ணீரில் ஒரு பிடி தூளைத் தூவினேன். தூள் தண்ணீரோடு கயிறு போல முறுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது. கூடவே வெள்ளை வெள்ளையாகக் காற்றுக் குமிழிகளும் இறங்கின. மேலே வர அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. நேராக உறிஞ்சு குழாயின் வாய்க்குள் போய் மறைந்தன. பம்ப் தண்ணீரோடு காற்றையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. காரணமும் கண்முன்னால் நின்றது. மூன்று மாதத்துக்கு முன், வைண்டிங் செக்‌ஷனை அகலமாக்கத் தொட்டியில் பாதியை மூடிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். கொட்டுகிற குழாயும் உறிஞ்சுகிற குழாயும் அடுத்தடுத்து வந்துவிட்டன. சின்னப் பம்ப்புகளுக்கு அது தெரியவில்லை. பெரியது காட்டிக்கொடுத்துவிட்டது.

பழைய வரைபடப் பிரிண்ட் ஒன்றின் பின்பக்கத்தில், அங்கேயே தரையில் உட்கார்ந்து நாலு படம் போட்டேன். விழும் தண்ணீர், இறங்கும் குமிழி, அது குழாய்க்குள் போவது, நாலாவதில் நடுவே ஒரு தடுப்புப் பலகை. இடக்கையால்தான் போட்டேன், எல்லோரும் பார்க்க.

செக்‌ஷன் ஹெட்டிடம் கொண்டுபோனேன். “வேலையைப் பாருங்க” என்றார். அக்கா அதற்கு மேல் காத்திருக்கவில்லை. மூன்று மணிக்கு முதலாளி சுற்றிவந்தபோது வழியை மறித்து நின்றார்.

“ஏனுங்க மொதலாளி, இந்தப் புள்ள ஒரு படம் போட்டிருக்குதுங்க. ஒருக்காப் பார்த்துப்போட்டுப் போங்க.”

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் எங்களைப் போலவே பேசுவார். படத்தை வாங்கினார். முதல் படத்தில் நின்றார். மூன்றாவதுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “காட்டுங்க” என்றார்.

திரும்ப மரத்தூள் தூவினேன். முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் குந்திவிட்டார். செக்‌ஷன் ஹெட்டும் வந்து நின்றார். பிறகு முதலாளி தச்சரைக் கூப்பிட்டு, நாலாவது படத்தில் இருந்தபடியே பலகை அறுக்கச் சொன்னார். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும்படி குறுக்கே இறக்கினோம். கொட்டிய தண்ணீர் பலகையைத் தாண்டி மேலாக வர வேண்டும், வருவதற்குள் குமிழி உடைந்துவிடும்.

சுவிட்ச் போட்டார்கள். முதன்முதலில் வார்த்த அதே இம்பெல்லர். கூழாங்கல் சத்தம் இல்லை. சீராக ஒரு ரீங்காரம். கேஜ் முள் ஏறி, ஏற வேண்டிய இடத்தில் ஏறி, அங்கேயே நின்றது. ஆபரேட்டர் அளந்துவிட்டு அளவைச் சத்தமாகச் சொன்னார். சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

வைண்டிங் பெண்கள் கைதட்டினார்கள். கம்பெனியில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. பவுண்டரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வாய் கொள்ளாத சிரிப்புத்தான் வந்தது, அடக்க முடியவில்லை.

“எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதை?” என்று கேட்டார் முதலாளி.

நான் பதில் தேடுவதற்குள் அக்கா சொன்னார். “எல்லாம் அந்த இத்தாலிக்காரர் சொல்லிக்குடுத்ததுங்க மொதலாளி.”

முதலாளி முகம் மாறிவிட்டது. “எந்த இத்தாலிக்காரன்? எந்தக் கம்பெனி?”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். ஓரமெல்லாம் தமிழில் பென்சில் எழுத்து. “ஐந்நூறு வருசத்துக்கு முந்தின ஆளுங்க” என்றேன். “அப்பச் சரி” என்றார் நிம்மதியாக.

அடுத்த திங்கட்கிழமை செக்‌ஷன் ஹெட் என் மேஜைக்கு வந்து, மைப் பேனாக்கள் இருந்த பெட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, புதுப் பென்சில் மூன்றை வைத்தார். பென்சில் என்றால் சொந்தமாக வரைகிறவர்களுக்கு உரியது. “இனிமே நீங்க நேரா இதுலயே போடுங்க” என்றார். கொஞ்சம் நின்று, “எந்தக் கையில வேணும்னாலும் போடுங்க” என்றும் சொன்னார். அவருக்கு அது எளிதாக வந்திருக்காது.

புத்தகத்தை முடிக்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று. கடைசி அத்தியாயத்தை ஒரு வெள்ளிக்கிழமை சொல்லி முடித்தேன். பிரான்ஸ் நாட்டு ராஜா அவரை அழைத்து வீடு கொடுத்து மரியாதையாக வைத்துக்கொண்டது, அந்தச் சிரிக்கிற பெண்ணின் படத்தைக் கூடவே கொண்டுபோனது, எத்தனையோ வேலைகளை முடிக்காமலே கண்ணை மூடியது. அக்கா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார், “எத்தனையை முடிக்காம உட்டாரோ போகட்டும். ஒண்ணை நம்ம தொட்டியில முடிச்சுப்போட்டாரு.”

அந்தக் கோடையில் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு புகார் வந்தது. அதே பெரிய பம்ப், தோட்டத்துக் கிணற்றில் திணறுகிறது. முதலாளி என்னை அனுப்பினார், துணைக்கு ஒரு மெக்கானிக். தோட்டத்துக்காரர் வாசலுக்கு வந்து என் பின்னால் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, இஞ்சினியர் வரலீங்களா?”

“நாந்தானுங்க வந்திருக்கறேன்.”

“உங்களுக்கு எந்த ஊருங்க?”

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குள் என்ன கேள்வி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். “இங்கிருந்து நாலு மைலுங்க” என்று ஊரைச் சொன்னேன். “எங்கப்பனும் அம்மாளும் இந்தச் சுத்துவட்டாரத் தோட்டங்கள்லதான் பண்ணயத்துக்கு ஆளா இருந்தாங்க.” அவர் கிணற்றுப் பக்கம் கை காட்டினார். என் அம்மா இப்படிப்பட்ட கிணறுகளின் மேட்டில் ஏறியதில்லை. ஏற விட்டதில்லை. நான் ஏறி, விளிம்பில் நின்று, ஒரு முறம் உமி கேட்டேன்.

உமி சுழன்ற சுழலிலேயே தெரிந்துவிட்டது. கிணற்றுக்குள் விடும் போர்வெல் தண்ணீரை உறிஞ்சு குழாயின் தலைக்கு மேலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டும் குழாயை எதிர் மூலைக்கு மாற்றி, உறிஞ்சு குழாயை இன்னும் இரண்டடி இறக்கச் சொன்னேன். அவர் ஆட்களைப் பார்த்து, “அம்மணி சொல்றாப்ல செய்யுங்கடா” என்றார். ஒரு மணி நேர வேலை. மோட்டாரைப் போட்டதும் வாய்க்காலில் குழாய் நிறையத் தண்ணீர் பாய்ந்தது. தென்னை வரிசை முழுக்க அது ஓடிப் போவதை அவர் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து, அவர்கள் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். குடித்தேன். புகார்ப் படிவத்தைக் கிணற்று மேட்டிலேயே வைத்து நிரப்பினேன். குறை: தீர்ந்தது. பார்த்த இன்ஜினியர் என்ற இடத்தில் என் பெயரை முழுசாக எழுதினேன்.

“அடுத்த தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களையே அனுப்பச் சொல்றேனுங்க” என்றார் அவர்.

“வாரேனுங்க” என்றேன்.